படுக்கை அறைச் சுவருக்கு என்ன நிறம்? அம்மா வெள்ளை எண்டுறா, அண்ணா கரிச்சாம்பல் எண்டுறார்

நித்திரைக்காரி | ஆகஸ்ட் 6, இரவு 9.14

எல்லாருக்கும் வணக்கம். வீடு யாழ்ப்பாணத்திலை, கோண்டாவிலிலை, அப்பா 84 இலை கட்டினது. வாற தையிலை எனக்குக் கலியாணம். அதுக்கு முதல் வடமேற்கு மூலை அறையைத் திருத்தி எடுக்கவேணும். 12 அடிக்கு 11 அடி, உயரம் 10 அடி. ஓட்டுக்கூரை, கீழை வெள்ளைச் சீலிங். யன்னல் ரெண்டு. வடக்கு யன்னலுக்கு வெளியிலை கறுத்தக்கொழும்பான் மாமரம் நிக்குது. மேற்கு யன்னலுக்கு வெளியிலை வெறும் செம்மண் முத்தம். அம்மாவின்ரை முதிரை மர அலுமாரி அந்த அறைக்குள்ளைதான் நிக்கும். அதையும் அசைக்க ஏலாது, அம்மாவையும் அசைக்க ஏலாது.

அம்மா சொல்லுறா, வெள்ளை அடிச்சு ரியூப் லைற் போடு எண்டு. ரொறன்ரோவிலை இருக்கிற அண்ணா கரிச்சாம்பல் சுவரும் மஞ்சள் வெளிச்சமுமாய் இதுவரை பதினாலு படம் அனுப்பிப்போட்டார். காசு அவரின்ரை, அதாலை அவருக்கும் ஒரு வாக்கு இருக்கு. எனக்குப் பிஸ்தாப் பச்சை விருப்பம். பெயின்ரர் அண்ணை நல்லூர்த் திருவிழா முடிய வாறன் எண்டிருக்கிறார். ஆராவது ஒரு வழி சொல்லுங்கோ.

தாவடிப் பொடியன் | ஆகஸ்ட் 6, இரவு 9.31

பிஸ்தாப் பச்சையோ? விடிய எழும்பி ஆஸ்பத்திரியிலை மருந்துத் துண்டு எடுக்க லைனிலை நிக்கப் போறியளோ அக்கா.

சுண்ணாம்புக்காரன் | ஆகஸ்ட் 6, இரவு 10.05

பிள்ளை, நிறத்தைப் பேந்து பாப்பம். நாப்பது வருசத்துச் சுவர். அடியிலை ஒரு ஒண்டரை அடி உயரத்துக்குக் கையாலை தடவிப் பாருங்கோ. மா மாதிரி ஏதும் ஒட்டுதோ? அலுமாரிக்குப் பின்பக்கத்தைக் கட்டாயம் பாருங்கோ. நான் முப்பது வருசமா உந்தத் தொழில்தான். ‘பெயின்ற் சரியில்லை’ எண்டு கூப்பிட்ட வீடுகளிலை பாதிக்கு மேலை பெயின்ற் நல்லாத்தான் இருந்தது, சுவர்தான் சரியில்லை.

நித்திரைக்காரி | ஆகஸ்ட் 7, காலை 6.40

ஐயா, நீங்கள் வந்து பாத்த மாதிரி. அலுமாரிக்குப் பின்னாலை வெள்ளையாய்ப் பூத்து, தொட்டால் கொட்டுண்ணுது. பெயின்ரர் அண்ணை, முழங்கால் உயரத்துக்கு எனாமல் அடிச்சுவிட்டால் அமந்துபோம் எண்டவர்.

வேலணைக் காத்து | ஆகஸ்ட் 7, காலை 8.12

அடிச்சுப்போடாதேங்கோ! என்ரை வீட்டுக் கதை அதுதான். தீவுப்பக்கம், கிணத்துத் தண்ணி உவர், அந்தத் தண்ணியிலை குழைச்ச சாந்து. சுவர் உப்பை நெடுகத் துப்பும். நானும் முழங்கால் மட்டும் எனாமல் அடிச்சன். ஒரு மாரி வடிவா இருந்தது. அடுத்த மாரிக்கு அந்த எனாமல் அப்பளம் மாதிரிப் பொங்கிச்சுது. ஈரம் அதாலை வெளியிலை வர வழியில்லாமல் மேலை ஏறி, இடுப்பு உயரத்திலை புதுசாப் பூக்கத் தொடங்கிட்டுது. ஒண்டரை அடியை மூண்டடி ஆக்கினதுதான் மிச்சம்.

சுண்ணாம்புக்காரன் | ஆகஸ்ட் 7, காலை 9.20

வேலணைக்காரர் சொன்னது சரி. கீழை நிலத்தாலை உறிஞ்சி வாற ஈரத்துக்கு மூச்சுவிட வழி வேணும். பிளாஸ்ரிக் மாதிரி மூடினால் அது வேறை வழி தேடும்.

செய்ய வேண்டியது இதுதான். கொட்டுற பூச்சைக் கல்லுத் தெரியும் மட்டும் கொத்தி எடுங்கோ. உப்பைக் காய்ஞ்ச தூரிகையாலை தட்டிக் கூட்டி அள்ளவேணும். தண்ணி ஊத்திக் கழுவினால் உப்புக் கரைஞ்சு திரும்ப உள்ளுக்கை போயிடும், கன பேர் விடுற பிழை அது. பிறகு யன்னல் ரெண்டையும் திறந்துவிட்டுக் காயவிடுங்கோ. இப்ப சோளகம், நல்ல காத்து. ஐப்பசியிலை வாடை மழை துவங்கினால் ஒண்டும் காயாது. அந்தக் கீழ்ப்பகுதிக்குச் சுண்ணாம்பு கலந்த சாந்து பூசினால் திறம். புதுப் பூச்சு ஆகக் குறைஞ்சது 28 நாள் காயவேணும், அதுக்குப் பிறகுதான் பிறைமர், அதாவது பெயின்றுக்கு முதல் அடிக்கிற அடிப்பூச்சு. அப்ப நீங்கள் புரட்டாதிக் கடைசியிலை பெயின்ற் அடிச்சு முடிக்கிற மாதிரிக் கணக்குப் பாருங்கோ. திருவிழா முடிய வாற ஆள் முதல் கொத்துறதுக்கு வரட்டும். வெளியாலை மழைத்தண்ணி சுவரடியிலை தேங்குதோ எண்டும் பாருங்கோ. செம்மண் சுவரிலை தெறிச்ச அடையாளம் இருந்தால் அங்கைதான் வினை.

மற்றது, மேற்குச் சுவர் பின்னேர வெய்யிலிலை காய்ஞ்சு இரவு முழுக்க உள்ளுக்குச் சூட்டை விடும். அதுக்கு உள்பக்க நிறம் ஒண்டும் செய்யாது, வெளிப்பக்கம் வெள்ளையாய் இருக்கவேணும். அண்ணாவுக்குச் சாம்பல் ஆசை தீரேல்லையெண்டாலும் வெளிச்சுவரிலை மட்டும் விட்டிடாதேங்கோ.

பனங்கொட்டை | ஆகஸ்ட் 7, மத்தியானம் 1.15

வடமேற்கு வாயு மூலை. வெள்ளை அல்லது சாம்பல் அடிக்கலாம் எண்டு சாத்திரத்திலை இருக்கு. புதுசாக் கலியாணம் கட்டுற ஆக்கள் அந்த மூலையிலை படுத்தால் வீட்டிலை தங்காயினம் எண்டும் சொல்லுவினம்.

தாவடிப் பொடியன் | ஆகஸ்ட் 7, மத்தியானம் 1.22

அப்ப கனடா விசா கெதியாக் கிடைக்கும்.

வயர் அண்ணை | ஆகஸ்ட் 7, இரவு 8.50

தங்கச்சி, நீங்கள் தலைகீழாத் தொடங்கியிருக்கிறியள். முதல் பல்ப், பிறகுதான் பெயின்ற்.

சுவர் தன்ரை பாட்டிலை ஒரு நிறத்தைக் காட்டாது. மேலை விழுற வெளிச்சத்திலை என்ன இருக்கோ அதிலை ஒரு பங்கைத் திருப்பி விடும், அவ்வளவுதான். நீங்கள் அந்த அறைக்குள்ளை முழிச்சிருக்கப் போறது கூடுதலா இரவிலை. பெயின்ற் தெரிவு செய்யிறதோ பகலிலை, கடையின்ரை வெள்ளை லைற்றுக்குக் கீழை, ரெண்டு விரல் அகலத் துண்டைப் பாத்து. அந்த நிறத்தை வீட்டிலை ஒருநாளும் காண மாட்டியள்.

பல்ப் பெட்டியிலை கெல்வின் கணக்கு ஒண்டு இருக்கும். 2700, 3000 எண்டால் மஞ்சள். 4000 நடுவாலை. 6500 எண்டால் எங்கடை கடையள் முழுக்க அடுக்கியிருக்கிற டேலைற். இலக்கம் கூடக்கூட நீலம் கூடும். எல்இடிக்குள்ளை இருக்கிறது ஒரு நீலச் சிப், அதுக்கு மேலை பூசின மஞ்சள் பொடிதான் வெளிச்சத்தை வெள்ளையாக்குது. பொடியைக் கூட்டினால் மஞ்சள் வெளிச்சம், குறைச்சால் நீலம் கலந்த வெள்ளை. அந்த நீல எல்இடியைச் செய்து காட்டினதுக்கு யப்பானிலை பிறந்த மூண்டு பேருக்கு 2014 இலை நோபல் குடுத்தவை, சும்மா சாமானில்லை.

இப்ப உங்கடை நிறங்களுக்கு வாறன். 6500 இலை பிஸ்தாப் பச்சை எண்டால் தம்பி சொன்ன ஆஸ்பத்திரிதான். கிறீம் எண்டால் சாம்பல் விழுந்த மாதிரி இருக்கும். அதே கிறீம் 2700 இலை உருக்கின நெய். இளநீலத்தை 2700 இலை பாத்தால் ஊத்தைப் பச்சை. பெட்டியிலை சிஆர்ஐ எண்டும் ஒரு இலக்கம் இருந்தால் பாருங்கோ, நிறங்களை எவ்வளவு சரியாக் காட்டும் எண்ட கணக்கு அது. 90 க்கு மேலை நல்லது. மலிவு பல்புகளிலை முதல் சாகிறது சிவப்பு, உங்கடை முதிரை அலுமாரி சேறு பூசின மாதிரித் தெரியும்.

ஒரே ஒரு லைற் போட்டு எல்லாத்தையும் அதாலை சமாளிக்கப் பாக்காதேங்கோ. சுவரைக் கொத்தித்தான் ஆகவேணுமெண்டால் அந்தச் சாட்டோடை வயரையும் இழுத்துவிடுங்கோ. மேலை ஒண்டு, கட்டில் தலைமாட்டிலை சுவரோடை ரெண்டு, கதவடியிலையும் கட்டிலடியிலையுமாய் ரூ-வே சுவிற்ச். கட்டிலடிச் சுவிற்ச் நுளம்பு வலைக்குள்ளை இருந்து கை எட்டுற இடத்திலை வரவேணும். வலையைக் கிளப்பினால் ஒரு நுளம்பு உள்ளுக்கை, பிறகென்ன நித்திரை.

நித்திரைக்காரி | ஆகஸ்ட் 7, இரவு 10.30

வயர் அண்ணை, நல்லா விளங்குது. ஆனால் மஞ்சள் வெளிச்சம் எண்டு அம்மாவிட்டை வாய் திறக்க ஏலாது. இண்டைக்கு உங்கடை பதிலை வாசிச்சுக் காட்டினன். அரிக்கன்சட்டியோடை முத்தத்திலை இருந்தவா, நிமிராமலே சொன்னா: “தொண்ணூறிலை கரண்ட் போனது. ஜாம் போத்திலுக்கை பஞ்சை அமத்தி, ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, அந்தத் திரி வெளிச்சத்திலைதான் உன்ரை கொண்ணனுக்கு ஆனா ஆவன்னா எழுதப் பழக்கினது. மண்ணெண்ணெய் விக்கிற விலைக்குத் திரியை ஒரு நெல்லளவு கூட்டவும் மனம் வராது. விடிய அவன்ரை மூக்குக்குள்ளை கரி. மஞ்சள் வெளிச்சம் நான் பாத்தது காணும் பிள்ளை.”

பிறகு ஒண்டும் கதைக்கேல்லை. அரிசியை அரிச்சுக்கொண்டு இருந்தா. அந்த ஆனா ஆவன்னாக்காரர்தான் இப்ப மஞ்சள் வெளிச்சப் படம் அனுப்புறார். அவருக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்கோ தெரியேல்லை, நான் கேக்கவுமில்லை.

ராத்திரி டியூட்டி | ஆகஸ்ட் 8, அதிகாலை 3.10

நான் தாதி, இப்ப வார்ட்டிலை இருந்துதான் எழுதுறன். அம்மா சொல்லுறதிலை இன்னொரு நியாயமும் இருக்கு. அறுபது வயசுக் கண்ணுக்குள்ளை போய்ச் சேருற வெளிச்சம் இருபது வயசுக் கண்ணிலை போறதிலை ஏறத்தாழ மூண்டிலை ஒரு பங்குதான். கண்மணி சிறுக்கும், வில்லை மஞ்சளாகும். உங்களுக்குக் காணுற வெளிச்சம் அவவுக்குச் செக்கல் பொழுது மாதிரி.

ஆனால் படுக்கப் போகேக்கை நீலம் கூடின வெளிச்சம் கூடாது. பார்வைக்கு உதவுற கலங்களை விட, பகலோ இரவோ எண்டு உடம்புக்குச் சொல்லுற கலங்களும் கண்ணுக்குள்ளை இருக்கு. 480 நானோமீற்றர் அளவிலை இருக்கிற நீல வெளிச்சத்துக்குத்தான் அதுகள் கூடுதலா முழிக்கும். அது பட்டால் நித்திரையைக் கொண்டுவாற மெலற்றோனின் சுரக்கிறது பிந்தும். ஆக, அலுமாரி திறக்கிறதுக்கு நல்ல வெள்ளை வெளிச்சம், படுக்கிறதுக்கு ஒரு மணித்தியாலம் முதல் அதை நூத்துப்போட்டுத் தலைமாட்டு மஞ்சள். அம்மா இரவிலை எழும்பி நடக்கிற வழியிலை, சுவரின்ரை அடிப்பக்கமாய் ஒரு மங்கல் லைற் வையுங்கோ. விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு வாற அம்மாக்களை நான் காணுறன். கன பேர் இருட்டிலை சுவிற்ச் தேடப் போய் விழுந்தவை.

ஸ்காபரோ சிவம் | ஆகஸ்ட் 8, காலை 7.45

அண்ணாவுக்காக நானும் கொஞ்சம் வழக்காடலாமெண்டு வந்தன். இங்கை கரிச்சாம்பல் வடிவுதான், என்ரை வீட்டிலையும் இருக்கு. ஆனால் சுற்றிவர வெள்ளைச் சட்டம், நிலம் வெளிர் மரம், ஒரு சுவர் முழுக்க யன்னல், வெளியிலை நாலு மாதம் வெள்ளைப் பனி. ஆறேழு லைற் வேறை. உங்கை இரும்புக் கம்பி போட்ட ரெண்டு யன்னல். நல்ல வெள்ளைச் சுவர் தன்னிலை பட்ட வெளிச்சத்திலை 80 வீதத்தைத் திருப்பி விடும், கரிச்சாம்பல் பத்து வீதத்தோடை நிண்டிடும். மிச்சத்துக்கு நீங்கள் கரண்ட் பில் கட்டவேணும். அதோடை முதிரை அலுமாரியும் சுவரும் ஒண்டையொண்டு விழுங்கிப்போடும்.

கணக்கு வாத்தி | ஆகஸ்ட் 8, மாலை 5.20

யன்னலைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. வடக்கு யன்னலில் வெயில் விழாது என்பது மேலைநாட்டுப் புத்தகத்துக் கதை. யாழ்ப்பாணம் வடக்கு 9.7 பாகையில் இருக்கிறது. சித்திரைப் புதுவருசத்தை ஒட்டி மத்தியானச் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அதன்பின் ஆகஸ்ட் கடைசி மட்டும் அது எங்களுக்கு வடக்காலேதான் போகும். ஆகவே நீங்கள் இப்போது காண்பது வடக்கால் சரிந்து வரும் பின்னேர வெயில். தையில் அதே பின்னேரம் வெயில் தென்மேற்கிலிருந்து மேற்கு யன்னலால் மட்டும் வரும், வடக்கு யன்னல் முழு நிழல். கலியாணத்தன்று அறை இன்றைக்கு இருக்கும் மாதிரி இராது. இன்றைக்குக் கொஞ்சம் கூடிவிட்டதாகத் தோன்றும் மஞ்சள் சாயல், தையில் அளவாக இருக்கும்.

நித்திரைக்காரி | ஆகஸ்ட் 17, இரவு 9.02

மன்னிக்கவேணும், பத்து நாளா ஆளைக் காணேல்லை. சுவர் கொத்தியாச்சு. அலுமாரியை ஆறு பேர் சேந்து நடுவுக்கு இழுத்தம். பின்னாலை என்ரை அஞ்சாம் வகுப்புக் கொம்பாஸ் பெட்டி கிடந்தது.

காயுற நேரத்திலை வயர் அண்ணை சொன்னதை நினைச்சு, நிறங்களை வீட்டு வெளிச்சத்திலையே வைச்சுப் பாத்தன். குளிர்சாதனப் பெட்டி வந்த மட்டையை ரெண்டடிச் சதுரமா மூண்டு துண்டு வெட்டி, வெள்ளைப் பிறைமர் அடிச்சு, பிஸ்தா, இளஞ்சாம்பல், பிறகு கடைக்காரர் ஏதோ ஆங்கிலப் பேர் சொன்ன ஒரு வெளிர் நிறம், மூண்டையும் ரெண்டு கோற் அடிச்சன். மூண்டாவதைக் கண்டிட்டு அம்மா “இது ஒடியல் நிறமெல்லே” எண்டா. ஒடியல் எண்டால் காயவைச்ச பனங்கிழங்கு, அந்தப் பேரே நிண்டிட்டுது.

விடிய ஏழு மணி: மாமரத்தின்ரை பச்சை முழுக்க வடக்கு யன்னலாலை உள்ளுக்கு வருது. எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது! பிஸ்தா மட்டை பச்சைக்கு மேலை பச்சையாகி, பாசி பிடிச்ச கிணத்துக் கட்டு மாதிரி. ஒடியல் லேசா ஒரு தளிர் சாயலோடை நல்லா இருந்தது.

பின்னேரம் நாலரை: இதுதான் பெரிய புதினம். செம்மண் முத்தத்திலை பட்ட வெய்யில் திரும்பி மேற்கு யன்னலாலை ஏறிச் சீலிங் மட்டும் சிவக்குது. இளஞ்சாம்பல் மட்டை கத்தரிப்பூ நிறம்! அண்ணாவுக்கு வீடியோ எடுத்து அனுப்பினன், “போன் பிழை” எண்டார்.

இரவு: 6500 பல்பிலை ஒடியல் வெறும் சுண்ணாம்பு. 2700 போட்டால் அவிச்ச பனங்கிழங்கு. அம்மாவே கிட்டப் போய்த் தொட்டுப் பாத்தா. ஆனால் அதே பல்பிலை அலுமாரியைத் திறந்து, “இதிலை எது கரும்பச்சை, எது கருநீலம் சொல்லு பாப்பம்” எண்டு ரெண்டு பட்டுச்சீலையை நீட்டினா. நான் மாறிச் சொல்லிப்போட்டன். அதிலை அவ வெண்டிட்டா. பேந்து 4000 பல்ப் ஒண்டு வாங்கிப் போட்டுக் காட்ட, சீலையும் சரியாத் தெரிஞ்சுது, சுவரும் சாகேல்லை. “ரியூப்பும் இந்த நிறத்திலை வருமோ?” எண்டு கேட்டா. வரும்தானே அண்ணை?

வயர் அண்ணை | ஆகஸ்ட் 17, இரவு 9.40

வரும். தேடிக் கேளுங்கோ, சில கடையிலை 6500 ஐ மட்டும் நீட்டுவினம். உங்கடை அறைக்கு 2000 லூமன் அளவு வெளிச்சம் வாற 20 வாற் எல்இடி ரியூப் ஒண்டு தாராளம், ஏனெண்டால் சுவர் வெளிர். கரிச்சாம்பல் அடிச்சிருந்தால் ரெண்டும் காணாது. தலைமாட்டுக்கு 5 வாற் படி ரெண்டு, பல்ப் நேர கண்ணிலை குத்தாத மாதிரி மூடி போட்டது.

உரும்பிராய் வாழைத்தோட்டம் | ஆகஸ்ட் 17, இரவு 10.11

ஃபான் எங்கை வருகுது எண்டு பாத்துக்கொண்டு லைற்றைப் போடுங்கோ. நாங்கள் சீலிங்கிலை வடிவா நாலு குழி லைற் இறக்கினம், ஃபான் தட்டு அதுக்குக் கீழை. ஃபானைப் போட்ட உடனை அறை முழுக்க வெட்டி வெட்டி நிழல், திருவிழா மேடை மாதிரி. மனுசிக்குத் தலையிடி. இப்ப ஒண்டில் காத்து, இல்லாட்டில் வெளிச்சம். ஒண்டரை வருசமா இப்பிடித்தான்.

சுண்ணாம்புக்காரன் | ஆகஸ்ட் 18, காலை 6.15

ரியூப்பைச் சுவரிலை, ஃபான் தட்டின்ரை மட்டத்துக்குக் கீழை அடிச்சால் அந்தக் கரைச்சல் இல்லை.

தலைமாட்டு லைற்றாலை வாற வேறை ஒரு பிரச்சினை. சுவரோடை ஒட்டி வாற வெளிச்சம் சுவரை வழிச்சுக்கொண்டு போகும். மேசன் கரண்டி இழுத்த மேடு பள்ளமெல்லாம் அப்பத்தான் எழும்பும். அந்தச் சுவருக்கு மட்டும் பள்ளம் நிரப்புற பில்லர் பசை ரெண்டு தரம் போட்டு, இரவிலை ஒரு ரோச் லைற்றைச் சுவரோடை சரிச்சுப் பிடிச்சுப் பாத்துப் பாத்துத் தேயுங்கோ. பெயின்ற் மினுக்கமில்லாத ‘மற்’ எடுங்கோ. மினுக்கம் கூடினது கழுவ நல்லது, ஆனால் பழைய சுவரின்ரை குறையெல்லாத்தையும் ஊருக்குக் காட்டும்.

அளவு: யன்னல் கதவு கழிச்சு ஏறத்தாழ 400 சதுர அடி. ஒரு லீற்றர் ஒரு கோற்றுக்கு 100 சதுர அடி எண்டு வையுங்கோ. ரெண்டு கோற்றுக்கு 8 லீற்றர், நாலு லீற்றர் ரின் ரெண்டு. ரெண்டையும் ஒரே நாளிலை கலர் கலக்கி வாங்கி, அடிக்க முதல் ஒரு வாளியிலை ஊத்திச் சேத்துக் கலக்குங்கோ. ரின்னுக்கு ரின் ஒரு நூல் வித்தியாசம் இருந்தால் சுவரின்ரை நடுவிலை கோடு தெரியும். மூடியிலை ஒட்டியிருக்கிற நிற இலக்கத்தைப் படம் எடுத்து வையுங்கோ. மட்டையிலை பாத்ததை விட நாலு சுவரிலையும் நிறம் கடுமையாத் தெரியும், ஒண்டையொண்டு பாத்து ஏத்திவிடும். அதாலை அட்டவணையிலை ஒரு படி வெளிரை எடுங்கோ.

ராத்திரி டியூட்டி | ஆகஸ்ட் 18, காலை 7.30

பெயின்ற் மணம் போக யன்னலைத் திறந்துவிட்டு ஒரு கிழமை கழிச்சுப் படுங்கோ தங்கச்சி. அம்மாவுக்கு இழுப்பு இருந்தால் இன்னும் கொஞ்சம் கூட.

நித்திரைக்காரி | ஒக்ரோபர் 11, இரவு 8.25

முடிஞ்சுது! முந்தநாள் முதல் மழையும் பெஞ்சுது. கீழ்ச்சுவரைத் தடவிப் பாத்தன், இப்போதைக்குக் கையிலை ஒண்டும் ஒட்டேல்லை. மாரி முழுக்கப் போகட்டும், பிறகு வந்து சொல்லுறன்.

ஒடியல் நிறம், ஐயா சொன்ன மாதிரி ஒரு படி வெளிர், மற். வெளியிலை மேற்குச் சுவருக்கு வெள்ளை. பிஸ்தாவை நான் விடேல்லை, யன்னல் சீலைக்குத் தைச்சாச்சு, காத்துக்கு ஆடேக்கை மாமரம் உள்ளுக்கை வந்த மாதிரி இருக்கு. அம்மாவின்ரை ரியூப் 4000. தலைமாட்டிலை 2700 ரெண்டு. சுவிற்ச் வலைக்குள்ளை கை எட்டுற தூரம், அளந்து வைச்சது.

நேற்றுப் பொழுதுபட அம்மா ஏதோ எடுக்க உள்ளுக்கை வந்தவா. ரியூப்பைப் போடேல்லை. தலைமாட்டு லைற் மட்டும் எரிஞ்சுது. கட்டிலிலை இருந்து அஞ்சு நிமிசம் சுவரைப் பாத்துக்கொண்டு இருந்தா. “புகை இல்லை” எண்டா. எழும்பிப் போயிட்டா.

அண்ணாவுக்குப் படம் அனுப்பினன். ரியூப் வெளிச்சத்திலை இரவு எடுத்தது. “பாத்தியே, கடைசியிலை சாம்பல் அடிச்சிருக்கிறாய், எவ்வளவு வடிவு” எண்டு பதில் வந்தது. நான் பெருவிரலைத் தூக்கி ஒரு பொம்மை அனுப்பிவிட்டன்.